அப்பாவின் வலிக்குக் கடல் சங்கு மருந்தாகுமா?

கேள்வி: நீரோடியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 69. முப்பது வருடத்துக்கு மேல் ஆழ்கடலில் சுறா பிடித்தவர். பிராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம். மார்ஃபின் 10 மி.கி. மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். அது போதை மருந்து, பழகிப்போகும், ஆளைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அதனால் ரொம்பக் கத்தினால் மட்டும் அரை மாத்திரை கொடுக்கிறோம். களியக்காவிளை செக்போஸ்டில் பிடித்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. இதற்கிடையில் தம்பி ஒரு வீடியோ காட்டினான். கடல் சங்கு ஒன்றின் விஷத்தில் மார்ஃபினைவிட ஆயிரம் மடங்கு பலமான, போதை இல்லாத மருந்து இருக்கிறதாம். வலையில் சிக்கிய அதே மாதிரிச் சங்கு மூன்றை உயிரோடு வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தும் வைத்திருக்கிறான். உலர்த்திப் பொடித்துத் தேனில் கொடுக்கலாமா? ஊசியாக எங்காவது கிடைக்குமா? இயற்கையானதுதானே, வேகவைத்தால் விஷம் போய்விடும் என்கிறான். ஒரு வாரமாக அப்பா கால் மரத்துப்போகிறது என்கிறார், நடக்கும்போது தடுமாறுகிறார். படுத்தே கிடப்பதால் இருக்கும் என்று நினைக்கிறோம். பதில் சொல்லுங்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கைப் பற்றி நிறைய எழுதலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்ததும் சங்கெல்லாம் பின்னால் போய்விட்டது. கால் மரத்துப்போகிறது, நடை தடுமாறுகிறது. முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர் இப்படிச் சொன்னால், படுத்துக் கிடப்பதால் வருகிறது என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே கட்டி வளர்ந்தோ எலும்பு நொறுங்கியோ தண்டுவடத்தை நெருக்கத் தொடங்கியிருக்கலாம். கால் இன்னும் தாங்குகிற நிலையிலேயே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் நடையைக் காப்பாற்றிவிடலாம். கால் முழுக்க விழுந்தபின் தொடங்கினால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். அதனால் இதில் நாள் கணக்குப் பார்க்க முடியாது, மணிக் கணக்குத்தான்.

கடிதத்தில் தொலைபேசி எண் இருந்ததால் அன்று மாலையே உங்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். மற்ற வீடுகளிலும் இதே நிலைமை இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். காலில் பலம் குறைவது, மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தெரியாமலே போய்விடுவது, இடுப்பையோ மார்பையோ சுற்றிக் கச்சை கட்டியதுபோல இறுக்கம், இருமினாலும் தும்மினாலும் முதுகு வலி வெட்டுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. “முதுகெலும்பில் பரவியிருக்கிறது, இப்போது கால் பலம் குறைகிறது” என்று வாசலிலேயே சொல்லுங்கள். அந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவர் முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, அப்புறம் கதிர்வீச்சு, சிலருக்கு அறுவை சிகிச்சை என்று போகும். கொண்டுபோகும்போது ஆட்டோவில் உட்காரவைத்துக் குலுக்காதீர்கள். வண்டியில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள்.

சரி, இனி சங்கு.

தம்பி பார்த்த வீடியோ முழுப் பொய் இல்லை. அதுதான் தொல்லையே. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன்.

அவன் சொல்வது கூம்புச் சங்கு. ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஒரு முனை அகன்று மறுமுனை குறுகியிருக்கும். மேலே வலை பின்னியதுபோலவும் புள்ளி வைத்ததுபோலவும் அழகான கோலங்கள். உலகக் கடல்களில் பல நூறு இனங்கள் உண்டு, மன்னார் வளைகுடாவிலும் நம் கரையோரங்களிலும் பல இனங்கள் இருக்கின்றன. ஊர்வது நத்தை வேகத்தில். ஆனால் சில இனங்கள் வேட்டையாடுவது மீனை. இவ்வளவு மெதுவாக ஊர்கிற ஒன்று மீனைப் பிடிக்க வேண்டும் என்றால் குத்திய நொடியே மீன் அசையாமல் நின்றுவிட வேண்டும், இல்லையென்றால் அது வேறெங்காவது போய்ச் செத்து வேறொன்றுக்கு இரையாகிவிடும். அதனால் இதன் விஷம் நரம்புக்கு என்றே செய்ததுபோல இருக்கும். பல்லே உள்ளே குழலான, நுனியில் முள் உள்ள சின்ன ஈட்டி. அப்பா சுறாவுக்கு எறியுளி வீசுவதைப் பார்த்திருந்தால் இதைப் புரிந்துகொள்வது சுலபம், ஒரே வித்தியாசம் இந்த எறியுளிக்குள் விஷம் நிரம்பியிருக்கும். ஒரு சங்கின் விஷத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பெப்டைடுகள், அதாவது குட்டிப் புரதங்கள். ஒவ்வொன்றும் நரம்பின் ஒவ்வொரு வாசலுக்குச் சாவி.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தது. பால்டொமேரோ ஒலிவேரா என்பவர் பிலிப்பைன்ஸ்காரர், சின்ன வயதில் சிப்பி பொறுக்கியவர். அமெரிக்காவில் படித்துவிட்டு மணிலாவுக்குத் திரும்பியபோது ஆய்வுக்கூடத்தில் நல்ல கருவிகள் இல்லை. கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து ஊர்க் கடலின் கூம்புச் சங்கை எடுத்துக்கொண்டார். பின்னால் யூட்டா பல்கலைக்கழகத்தில் அவரிடம் சேர்ந்த இளம் மாணவர்கள் விஷத்தைக் கூறுகூறாகப் பிரித்து எலியின் மூளைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். ஒரு கூறு எலியை நடுங்கவைத்தது. இன்னொன்று குட்டி எலியைத் தூங்கவைத்தது, அதுவே வளர்ந்த எலியை ஓடவைத்தது. அதற்குள் விஷம் என்றால் ஒரே பொருள் என்ற எண்ணமே போய்விட்டது. மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற மாணவர் அப்போது பள்ளி முடித்து வந்த பையன். அவர் கோனஸ் மேகஸ் என்ற சங்கின் விஷத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பெப்டைடுதான் இன்றைக்கு ஜிகோனோடைடு என்ற மருந்து. 25 அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மாலை அது. அமெரிக்காவில் 2004 டிசம்பரில் ‘பிரையால்ட்’ என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. நம் நாட்டிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்தியக் கடற்கரைச் சங்குகளின் பெப்டைடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

அது எப்படி வலியை நிறுத்துகிறது? களியக்காவிளையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துச் சரக்கு இந்தப் பக்கம் வர வேண்டும் என்றால் எல்லையில் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் எலும்பிலிருந்து கிளம்பும் வலிச் செய்தியும் அப்படித்தான். முதல் நரம்பு தண்டுவடம்வரை வந்து நின்றுவிடும். அங்கே அது ஒரு ரசாயனத்தைக் கொட்ட, அடுத்த நரம்பு அதை வாங்கி மூளைக்குக் கொண்டுபோகும். அந்தக் கொட்டுதல் நடக்க நரம்பு நுனியில் கால்சியம் நுழையும் ஒரு வாசல் திறக்க வேண்டும். சங்கின் பெப்டைடு அந்த வாசலில் போய் அடைத்துக்கொள்கிறது. கால்சியம் நுழையாது, ரசாயனம் கொட்டாது, செய்தி எல்லையிலேயே நின்றுவிடும்.

இப்போது உங்கள் வீட்டு அலமாரிக்கு வருகிறேன். மார்ஃபின் என்ன செய்கிறது தெரியுமா? அதே எல்லையில், அதே நரம்பு நுனியில், ஓபியாய்டு ஏற்பி என்ற வேறொரு பொத்தானை அழுத்துகிறது. அந்தப் பொத்தான் உள்ளே என்னென்னவோ செய்து, கடைசியில் அதே கால்சியம் வாசலைத்தான் பாதி சாத்துகிறது. நரம்பு வலிக்கு எழுதுகிற காபாபென்டின் மாத்திரை இருக்கிறதே, அதுவும் அந்த வகைக் கால்சியம் வாசலின் ஒரு பக்கத் துண்டில்தான் போய் ஒட்டுகிறது. தம்பி கடலுக்குள் தேடுகிற கதவு, மார்த்தாண்டத்து மருந்துக் கடை மாத்திரைக்கும் அகப்படுகிற கதவுதான். மூன்றுக்கும் வழிதான் வேறு.

அப்படியென்றால் நேராகக் கதவையே அடைக்கிற சங்கு மருந்துதானே மேல் என்று தோன்றும். ‘ஆயிரம் மடங்கு’ எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். எலியின் தண்டுவடத்துக்குள் நேராகச் செலுத்தி எடைக்கு எடை ஒப்பிட்டதில் வந்த பேச்சு அது. மில்லிகிராமில் வேலை செய்கிற இடத்தில் மைக்ரோகிராமில் வேலை செய்கிறது என்பதுதான் அர்த்தம். ஆயிரம் மடங்கு வலி குறையும் என்று அர்த்தம் இல்லை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் புற்றுநோய், எய்ட்ஸ் காரணமாகத் தீராத வலியில் இருந்த 111 பேரை எடுத்துக்கொண்டார்கள். சங்கு மருந்து பெற்றவர்களுக்கு வலி அளவு சராசரியாக 53 சதவீதம் குறைந்தது, வெறும் திரவம் பெற்றவர்களுக்கு 18 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் அது மற்ற எதற்கும் அடங்காதவர்களுக்கு என்று வைத்திருக்கிற மருந்து.

ஏன் கடைசியில் வைத்திருக்கிறார்கள் என்றால், கொடுக்கும் வழி அப்படி. வாயில் கொடுத்தால் வயிறு அதை மீன் துண்டு மாதிரி ஜீரணித்துவிடும். ரத்தக் குழாயில் கொடுத்தால் தண்டுவடத்துக்குப் போய்ச் சேராது, ரத்த அழுத்தம் விழும். அதனால் முதுகுத்தண்டின் நீருக்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்து, அதைத் தோலுக்குள் புதைத்த பம்புடன் இணைத்து, சொட்டுச் சொட்டாகத்தான் செலுத்த வேண்டும். தொடக்க அளவு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம், எவ்வளவு ஏற்றினாலும் 19.2 மைக்ரோகிராம்தான் உச்சம். ஒரு பொடி உப்புத் துகளின் எடைகூட வராது. அதற்கே தலைசுற்றல், வாந்தி, நடைத் தடுமாற்றம், ஞாபகக் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, இல்லாத குரலைக் கேட்பது எல்லாம் வரலாம். ஆரம்பத்தில் வேகமாக அளவை ஏற்றியபோது இவை அதிகமாக வந்ததால்தான் பிறகு மெதுவாக ஏற்றச் சொன்னார்கள். மனநோய் இருந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. குழாய் வழியாகக் கிருமி போனால் மூளைக்காய்ச்சல். முதுகெலும்பில் கட்டி நெருக்குகிறதா என்றே தெரியாத ஒருவருக்கு அந்த இடத்திலேயே குழாய் வைப்பதை எந்த மருத்துவரும் இப்போது யோசிக்க மாட்டார். இத்தனை வருடப் பயிற்சியில் நான் ஒருவருக்கும் அதை எழுதியதில்லை. எழுதியிருக்க வேண்டியவர்கள் என்று நினைத்தால் ஒன்றிரண்டு முகங்கள் நினைவுக்கு வருகின்றன, அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த மருந்தில் ஒரு சங்குகூட இல்லை. முழுக்க ஆய்வுக்கூடத்தில் கோத்துச் செய்வது. சங்கு காட்டியது வடிவத்தை மட்டும்.

பொடித்துத் தேனில் கொடுப்பது பற்றி. ஓடு சுண்ணாம்பு. சித்த மருத்துவத்தில் சங்கு பற்பம் இருக்கிறதே என்று தம்பி கேட்கலாம். அது வெண்சங்கைச் சுட்டு எடுப்பது, அதற்கும் இந்த விஷப் பைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியே உள்ளே இருக்கும் சதையைப் பொடித்தாலும் அதில் தேவையான பெப்டைடு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வோர் இனத்துக்கும் விஷக் கலவை வேறு, புழு தின்னும் சங்குக்கு ஒன்று, மற்ற நத்தையைத் தின்பதற்கு ஒன்று, மீன் தின்பதற்கு ஒன்று. அந்தக் கலவையில் வலியை நிறுத்துகிற ஒன்றுடன் மூச்சை நிறுத்துகிற பத்தும் இருக்கும். ஆல்ஃபா கோனோடாக்சின் என்ற வகை, தசைக்கு நரம்பு உத்தரவு கொடுக்கும் அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூச்சை இழுக்கிற உதரவிதானமும் ஒரு தசைதான். கோனஸ் ஜியோகிராபஸ் என்ற சங்கு இன்னும் ஒரு படி மேலே போய், மீனை மயங்கவைக்கத் தன் விஷத்தில் இன்சுலினே சேர்க்கிறது என்று 2015-இல் யூட்டாவில் கண்டுபிடித்தார்கள். சர்க்கரை இறங்கி மீன் சொக்கிப்போய் நிற்க, இது வாயை வலை மாதிரி விரித்து அப்படியே மூடிக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனத்தில் நம் ஊர்க் கரைவலையெல்லாம் இதனிடம் பாடம் படிக்க வேண்டும்.

இயற்கையானது, வேகவைத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கு நான் தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் விழிஞ்ஞம் எவ்வளவு தூரம்? 1997 செப்டம்பரில் அங்கே பாறையில் எடுத்த சிப்பியைச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் 7 பேர் இறந்தார்கள், சுமார் 500 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குளச்சலிலும் கடியப்பட்டணத்திலும் நாம் சாப்பிடுகிற அதே பழுப்புச் சிப்பிதான். அந்தச் சமயம் கடலில் பெருகிய நுண்பாசியின் நஞ்சைச் சிப்பி தனக்குள் சேர்த்துவைத்திருந்தது. சாக்ஸிடாக்சின் என்று பெயர், நரம்பின் சோடியம் வாசலை அடைத்துவிடும். கொதிக்கவைத்தாலும் அது அழியாது. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வருடம் யாரும் சிப்பி வாங்காமல் இருந்தது நினைவிருக்கும்.

கடலில் இருந்து வந்த இன்னொரு நரம்பு மருந்து நம் வயலுக்குள்ளேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஜப்பானில் தூண்டிலுக்கு இரையாக வைக்கிற ஒரு கடல் புழுவில் ஈக்கள் உட்கார்ந்தால் செத்துவிழுவதைத் தூண்டில்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். 1934-இல் அதிலிருந்து நெரிஸ்டாக்சின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதுவும் அசிட்டைல்கோலின் ஏற்பியைத்தான் முடக்குகிறது. அதன் அமைப்பைப் பார்த்து 1960-களில் செய்த பூச்சிக்கொல்லிதான் கார்டாப். நாஞ்சில் நாட்டில் நெல் போடுகிறவர்கள் தண்டுத் துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் தெளிக்கிறார்களே, அதே கார்டாப். அதைக் ‘கடல் புழுவின் இயற்கைச் சாறு’ என்று யாராவது தேனில் குழைத்துத் தந்தால் தம்பி வாங்கிக் குடிப்பானா என்று கேளுங்கள்.

வாளியில் இருக்கிற மூன்று சங்குக்கு இனி வருவோம். கையால் தொடாதீர்கள். குறுகிய முனையிலிருந்துதான் ஈட்டி வரும், ஆனால் அதன் தும்பிக்கை நன்றாக நீளும், வளையும். அகன்ற பக்கத்தைப் பிடித்தால் ஒன்றும் செய்யாது என்பது பொய். சட்டைப் பையிலோ மடியிலோ போட்டுக்கொண்டு வந்து துணியோடு குத்து வாங்கியவர்கள் உண்டு. உலகம் முழுவதும் இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகியிருக்கின்றன, பெரும்பாலும் கோனஸ் ஜியோகிராபஸ் குத்தி. மாற்று மருந்து எதுவும் கிடையாது. குத்திவிட்டால் கடித்து உறிஞ்சுவது, கீறுவது, வேப்பிலை அரைத்துக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். கையையோ காலையோ அசையாமல் வைத்து, அகலமான துணியால் விரலிலிருந்து மேல்நோக்கி இறுக்கமாகச் சுற்றி, மடங்காமல் இருக்க ஒரு குச்சியை வைத்துக் கட்டி உடனே கொண்டுபோங்கள். உதடு மரத்து, கண் இமை சரிந்து, பேச்சு குழறினால் அடுத்தது மூச்சுதான். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போக வேண்டும். வென்டிலேட்டரில் வைத்தால் விஷம் மெல்ல இறங்கிவிடும், தசை திரும்ப வேலை செய்யும். அதனால்தான் வழியில் விட்டுவிடாமல் ஊதச் சொல்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அந்த வாளி இன்றைக்கே போக வேண்டும்.

இப்போது மார்ஃபின். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. உங்கள் மேல் இல்லை. நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதித் தந்தவர்கள், ஏன் நாலு மணி என்று உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மாத்திரையின் வேலை நாலு மணி நேரம்தான். அதற்குள் அடுத்தது உள்ளே போனால் வலி எழும்பவே எழும்பாது. கத்திய பிறகு அரை மாத்திரை கொடுத்தால், அது வேலை தொடங்கவே அரை மணி ஒரு மணி ஆகும், அதற்குள் வலி உச்சிக்குப் போய்விடும். பிறகு அரை மாத்திரைக்கு அது இறங்காது. அப்பா இன்னும் கத்துவார், மருந்து கேட்கவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். மாத்திரையை எழுதியபடி கடிகாரம் பார்த்துக் கொடுங்கள், வலி இல்லை என்றாலும் கொடுங்கள். இடையில் வலி முட்டினால் கூடுதலாக எவ்வளவு தரலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போதை பற்றி. வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில், வாயால் சாப்பிடுகிற புற்றுநோயாளி போதைக்கு அடிமையாவது அபூர்வம். உடம்பு பழகுவது வேறு, அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, குறைக்க வேண்டுமென்றால் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சங்கு மருந்தே கிடைத்தாலும் மார்ஃபினை ஒரேயடியாக நிறுத்த முடியாது என்பதும் இதனால்தான். மார்ஃபின் ஆளைச் சீக்கிரம் கொண்டுபோகும் என்பதும் தவறு. கடைசி நாளில் மட்டும் எடுத்ததால் அந்தப் பெயர் வந்தது. மார்ஃபின் சாப்பிட்டுக்கொண்டே வருடக்கணக்கில் பேரன் பேத்தியோடு இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. மலச்சிக்கல் நிச்சயம் வரும், அது பழகாது, முதல் நாளிலிருந்தே பேதி மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். குமட்டல், தூக்கக் கலக்கம் முதல் மூன்று நாலு நாள் இருக்கும், பிறகு குறையும். அப்பாவுக்கு ஒரு விஷயம் மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். பிராஸ்டேட் அடைத்துச் சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் சோர்ந்துவிடும், மார்ஃபினின் மிச்சம் வெளியேறாமல் உடம்பில் தேங்கும். சிறுநீர் குறைந்து, எழுப்பினாலும் எழாத தூக்கம், கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, பிதற்றல் வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். எலும்பு வலிக்கு மாத்திரை மட்டும் வழி இல்லை. வலிக்கிற எலும்புக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்குப் பாதிக்கு மேல் அடங்கிவிடுகிறது. அதையும் கேளுங்கள்.

செக்போஸ்ட் பயம். மருத்துவர் எழுதிய சீட்டோடு நோயாளியின் தேவைக்கான மார்ஃபின் மாத்திரையைக் கொண்டுபோவது குற்றமில்லை. சீட்டு, ஆஸ்பத்திரிப் புத்தகம், மாத்திரை அட்டை மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள், மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போடாதீர்கள். மார்ஃபின் கிடைப்பது முன்பு நிஜமாகவே கஷ்டம்தான். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே வாங்கி வைக்கவில்லை. 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின் போன்றவற்றுக்கு ‘அத்தியாவசிய போதை மருந்துகள்’ என்று தனி வரிசை வைத்தார்கள். அந்தத் திருத்தத்துக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்களில் ஒருவர் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற வலி தணிப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். கேரளம் 2008-லேயே வலி தணிப்புக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. பொழியூரில் உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால், அங்கே பஞ்சாயத்து மூலமாக நர்ஸ் வீட்டுக்கே வருவதைப் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்திலும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டிலேயே வலி தணிப்புக் கவனிப்பு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் கேளுங்கள்.

தம்பியைத் திட்டாதீர்கள். அப்பாவின் கத்தலைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு நோட்டில் மாத்திரை கொடுத்த நேரத்தையும், அப்போது வலி பத்துக்கு எத்தனை என்று அப்பா சொல்வதையும் எழுதட்டும். அடுத்த தடவை மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் அளவை ஏற்றவோ குறைக்கவோ முடியும்.

அன்றைக்குத் தொலைபேசியில் நான் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் அப்பாவின் குரல் கேட்டது, நீங்களும் கேட்டிருப்பீர்கள். “அதைக் கையால எடுக்காதே, வாளியோட கொண்டுபோய்க் கடல்ல கவிழ்த்துடு” என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே செய்யச் சொல்லுங்கள், முட்டளவுத் தண்ணீரில் இல்லாமல் பிள்ளைகள் குளிக்காத பக்கமாக. எம்.ஆர்.ஐ. படம் வந்ததும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.